பதினாலாம் நம்பர்

அந்தப் பதினாலாம் நம்பர் மட்டும் நேரில் கிடைத்தால் எவாஞ்சலின் அடிக்கமாட்டாள். எதிரில் உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: 'தினமும்' என்ற சொல் உனக்கு என்னய்யா பாவம் செய்தது?

முதல் ஃபைலில் "தினமும் இரண்டு வேளை" என்று எழுதியிருந்தாள். அதைச் சிவப்பில் அடித்து "நாள்தோறும்" என்று மாற்றியிருந்தது. சரி, இந்த ஆளுக்கு அப்படித்தான் பிடிக்கும்போல என்று இரண்டாவது ஃபைலில் பணிவாக "நாள்தோறும்" என்றே எழுதினாள். அதையும் அடித்துவிட்டு "தினமும்" என்று போட்டது அந்த ஜென்மம். நான்கு ஃபைலிலும் இதே கூத்து. ஒவ்வொன்றிலும் இருபது, இருபத்திரண்டு சிவப்பு. ஒரு சிவப்புக்கு அரை மார்க் வெட்டு.

இந்த மார்க் விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும். சென்னையில் ஒரு மொழிபெயர்ப்புக் கம்பெனி. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிற நோயாளிகள் கையில் கொடுக்கிற அறிவுரைத் தாள்களை இங்கிலீஷிலிருந்து தமிழாக்கித் தருகிறது. ஒரு வருடத்துக்கு நிற்காமல் வேலை இருந்தது. அதற்கு ஆள் எடுக்க ஐந்து ஃபைல் பரீட்சை வைத்தார்கள். ஐந்துக்கும் சேர்த்துச் சராசரி தொண்ணூறு வந்தால் உள்ளே, வராவிட்டால் வெளியே. எவாஞ்சலின் நான்கு ஃபைல் முடித்து எண்பத்தொன்பதில் நின்றாள். ஐந்தாவது ஃபைல் பதினாலாம் நம்பரின் கையில் இருந்தது. அன்று மாலை ஆறு மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள். அதில் தொண்ணூற்று நாலு வந்தால் பிழைத்தாள். வராவிட்டால், இந்த வேலையை நம்பி ராஜினாமாவை விசிறிவிட்டு வந்த அதே தனியார் பள்ளிக்கூடத்துக்குத் திங்கட்கிழமை காலை போய், அதே கரஸ்பாண்டென்ட் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும்.

"பாத்துகினே இருங்கண்ணா. இந்த ஆளு என்னைத் தொரத்தி உட்டுட்டுத்தான் ஓய்வான்," என்றாள், திரும்பாமலே.

"எனக்கு மட்டும் இன்னா வாழுது? எனக்கு வாய்ச்ச ஒம்பதாம் நம்பரு இன்னும் மோசம். எழுதத் தெரியாத கழுதைங்க எல்லாம் திருத்த வந்துட்டுதுங்க," என்றார் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பரசுராமன்.

ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே அறை. வாடகை, நெட், டீ எல்லாம் ஆளுக்குப் பாதி. கே.ஜி.கண்டிகையிலிருந்து எவாஞ்சலின் பஸ்ஸில் வருவாள். அம்மையார்குப்பத்திலிருந்து பரசுராமன் மொபெட்டில் வருவார். வீட்டைச் சுற்றிப் பவர்லூம் போடுகிற சத்தத்தில் ஒரு வரிகூட எழுத முடியாது என்பதற்காகவே இந்த அறையை எடுத்தவர். வயது ஐம்பதை நெருங்குகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூரிலிருந்து வருகிற தெலுங்குப் பத்திரங்களை அவர் சத்தமாகப் படித்துச் சொல்ல, இவள் தமிழில் அடிப்பாள். நாலு வருடமாக, அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு, அந்த வேலை குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேனை எத்தனையில் வைப்பது என்பதைத் தவிர இருவருக்கும் சண்டை வந்ததில்லை.

திருத்துகிற நம்பர்களைத் திட்டுவதைத் தவிர, இந்தக் கம்பெனி வேலையைப் பற்றி மட்டும் இருவரும் வாயைப் பூட்டிக்கொண்டார்கள். காரணம், ஒரு காகிதம். 'அனுப்பப்படும் ஃபைலை உடன் வசிப்பவர், உடன் பணிபுரிபவர் எவருக்கும் காட்டமாட்டேன்' என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். எவாஞ்சலின் தன் திருச்சபையில் ஞாயிறு பாட வகுப்பு எடுக்கிறவள். கையெழுத்து என்றால் அவளுக்குக் கையெழுத்துதான். பரசுராமனோ ஒரு படி மேலே போய், லேப்டாப்பைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார். ஒரே டீயை இரண்டு டம்ளரில் பங்கு போட்டுக் குடித்தபடி, இருவரும் தனித்தனியாகப் பரீட்சை எழுதினார்கள்.

அதோடு நின்றதா? பரீட்சை எழுதுகிறவர்களே மற்றவர் ஃபைலைத் திருத்தவும் வேண்டும் என்றது கம்பெனி. யார் எழுதியது என்று பெயர் இருக்காது. திருத்துகிறவருக்கும் ஒரு நம்பர் உண்டு, ஆனால் அது எழுதியவர் பக்கத்தில்தான் தெரியும். திருத்துகிறவருக்கே தன் நம்பர் தெரியாது. போதாக்குறைக்கு ஒரு மெயிலும் வந்தது: ஒரு ஃபைலில் இருபது திருத்தத்துக்குக் குறைந்தால், படிக்காமலே திருப்பியனுப்பியதாகக் கருதப்படும்.

ஆகவே எவாஞ்சலினும் கையில் சிவப்பை எடுத்தாள். அவளுக்கு வந்தது ஒரு பெருசு. 'உட்கொள்ளுக', 'தவிர்த்திடுக' என்று எழுதுகிற ஆள். மதுரைப் பக்கம் ரிடையரான தமிழ் வாத்தியாராக இருக்கும் என்று முடிவுகட்டி, மனசாட்சி உறுத்தாமல் வெட்டினாள். உறுத்திய இடங்களிலும் வெட்டினாள், இருபது வரவேண்டுமே. நாலு வருடம் கூடவே உட்கார்ந்திருக்கிறவரின் தமிழ் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். பத்திரத் தமிழில் எல்லார் கையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தவிர, சென்னைக் கம்பெனிக்கு எழுதுகிறோமே என்று பரசுராமன் தன் தமிழுக்கு இஸ்திரி போட்டு அனுப்பியிருந்தார்.

அன்று கிருத்திகை. மலைக்குப் போகிற கூட்டம் காலையிலிருந்தே ரோட்டை அடைத்திருந்தது. கீழே 'அரோகரா' சத்தமும் பஸ் ஹாரனும் மாறி மாறி வந்தன. மூன்று மணி சுமாருக்கு எவாஞ்சலின், திருத்த வேண்டிய ஃபைலை லேப்டாப்பில் திறந்தபடி விட்டுவிட்டு, மடியில் செல்போனை வைத்துக்கொண்டு தன் பக்கத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள். கம்பெனியின் அந்தப் பக்கத்தில் ஒரு வசதி உண்டு. திருத்துகிறவர் ஃபைலைத் திறந்து வைத்திருந்தால் அவர் நம்பருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். பதினாலுக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது. என் வயிறும் இப்படித்தான் எரிகிறது என்று நினைத்தாள்.

அப்போது கரண்ட் போனது. ஃபேன் நின்றது. ஜன்னல் ஓரத்து ரௌட்டரின் விளக்குகள் அணைந்தன. செல்போனில் அவளுடைய சொந்த டேட்டா ஓடிக்கொண்டிருந்ததால் பக்கம் அப்படியே இருந்தது. பச்சைப் புள்ளி மட்டும் காணாமல் போனது.

பதினாலாம் நம்பருக்கும் இதே நேரத்தில் கரண்ட் போய்விட்டதா, நல்லா வேணும் என்று சந்தோஷப்பட்டாள். பத்து நிமிடத்தில் கரண்ட் வந்தது. ரௌட்டர் ஒவ்வொரு விளக்காகப் போட்டது. கடைசி விளக்கு எரிந்த சற்றைக்கெல்லாம் பதினாலுக்குப் பக்கத்தில் பச்சை வந்து உட்கார்ந்தது.

அவளுக்குச் சுருக்கென்றது. சும்மா இருக்க முடியவில்லை. தண்ணீர் பாட்டில் எடுப்பதுபோல ஜன்னலுக்குப் போய், ரௌட்டர் ஒயரைப் பிடுங்கினாள். செல்போனைப் பார்த்தாள். புள்ளி இல்லை.

"இன்னாம்மா, மறுபடியும் நெட்டு பூட்ச்சா?" என்றார் பரசுராமன். "அவசர வேலைம்மா. ஆறு மணிக்குள்ள முடிக்கணும்."

ஒயரைச் செருகினாள். புள்ளி வந்தது. மறுபடி பிடுங்கினாள். போனது. மூன்றாவது தடவையும் பிடுங்கிப் பார்த்தாள். நாலு வருடம். எத்தனை டீ, எத்தனை பத்திரம், அவர் மகள் அம்முவுக்குக் காய்ச்சல் என்றபோது ராத்திரியெல்லாம் இவள் ஜெபம் பண்ணியது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

"அண்ணா," என்றாள். "நாள்தோறும்னா இன்னா? தினமும்னா இன்னா?"

பரசுராமன் திரும்பினார். "அது எப்டிம்மா உனக்கு..."

"அது என் ஃபைலு. பதினாலாம் நம்பர் நீங்கதான். இவ்ளோ நாளா முதுகுக்குப் பின்னால ஒக்காந்துகினு என்னை வெட்டிகினு இருந்தது நீங்க!"

"ஐயோ, சத்தியமா தெரியாதும்மா. இருபது வேணும்னு மெயில் போட்டுட்டானே. அந்த ஃபைல்ல தப்பே கெடைக்கல. நல்லா எழுதினவங்ககிட்ட தப்பு தேடறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா? தெனம் மண்டைய ஒடச்சிகினேன்."

அவள் மண்டையில் ஏறியது அந்தப் பேச்சுதான். "நல்லா இருந்துச்சின்னு தெரிஞ்சே வெட்னீங்களா? என் பொழப்புண்ணா அது! எங்க அம்மாகிட்ட இன்னா சொல்லிட்டு வேலைய உட்டேன் தெரியுமா உங்களுக்கு?" கத்தியது கீழே ஜெராக்ஸ் கடைக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.

பரசுராமனின் கண் ரௌட்டரின் மேல் நின்றது. பிறகு மெல்லத் தன் செல்போனை எடுத்தார். "எவாம்மா, ஒயர செருகு. நீயும் ஒரு ஃபைலு தொறந்து வெச்சிகினு இருக்கிற இல்ல? அத்த மூடு பாக்கலாம்."

ஒயரைச் செருகும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும், மூடித்தான் ஆகவேண்டும். மூடினாள்.

"ஒம்பதோட பச்சை போச்சி," என்றார் பரசுராமன். "உட்கொள்ளுகவ எட்டு தபா வெட்ன கழுதை நீதானா?"

கோபத்தில் உயர்ந்திருந்த அவள் கை அப்படியே இறங்கியது. வாய்விட்டுத் திட்ட வேண்டியவன் கையில் கிடைத்தால், அவன் மூஞ்சி இப்படி இருந்து தொலைக்கிறது. அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. அவரும் எண்பத்தொன்பதில்தான் நின்றார். அவருக்கும் தொண்ணூற்று நாலு வேண்டும். அவரை அங்கே நிறுத்தியது இவள்தான்.

மணி மூன்றரை. பரசுராமன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, உடு. இன்னும் ரெண்டரை மணி நேரம் கீது. நான் உனக்கு நூறு போடறேன், நீ எனக்கு நூறு போடு. யாருக்குத் தெரியப் போவுது?"

"வேணாண்ணா. இவ்ளோ நாளு பொய்யா வெட்னோம். இப்ப பொய்யா தூக்கி உடறதா? பத்திரத்துக்கு படிப்போமே, அந்த மாதிரி சத்தமா படிப்போம். நெஜமான தப்பு இருந்தா வெப்போம். இல்லாதத எடுத்துடுவோம். இருபதுக்குக் கொறைஞ்சா கொறையட்டும்."

"கையெழுத்து போட்டுக் குடுத்துகீறமே?"

"அந்தக் கையெழுத்துதான் நம்மள இங்க கொண்ணாந்து உட்டுது. முடிச்சிட்டு நானே நவீன்குமார் சாருக்கு போன் போட்டுச் சொல்லிக்கிறேன்." நவீன்குமார்தான் கம்பெனியில் இவர்களுக்கு வேலை அனுப்புகிறவர்.

அவர் இங்கிலீஷைப் படித்தார், இவள் தமிழில் விரல் வைத்துப் பின்னாலேயே வந்தாள். முதலில் அவருடைய ஃபைல். இவள் போட்ட இருபத்திரண்டு சிவப்பில் பதினெட்டு பறந்தது. ஒவ்வொன்றை எடுக்கும்போதும் பரசுராமன், "இத்த ஏன்மா வெட்ன?" என்று கேட்டார். இவள் அடுத்த சிவப்புக்குப் போனாள். நாலு நிஜமான பிழை மிஞ்சியது. தொண்ணூற்றெட்டு. அனுப்பிவிட்டார்கள். அவர் பிழைத்தார்.

பிறகு இவளுடையது. அதிலும் பதினெட்டு பறந்து நாலு நின்றது. இவளுக்கும் தொண்ணூற்றெட்டு. கணக்குப் போட்டுப் பார்த்தாள், சராசரி தொண்ணூறைத் தாண்டியது. திங்கட்கிழமை எங்கும் போக வேண்டாம். ரொம்ப நாளைக்குப் பிறகு மூச்சு நெஞ்சு வரை இறங்கியது. இன்னும் சிவப்பே படாத அரைப் பக்கம்தான் பாக்கி.

பரசுராமன் இங்கிலீஷில் ஒரு வரி படித்தார். இவள் விரல் தமிழில் அடுத்த வரிக்குப் போனது. பொருந்தவில்லை. "இன்னொரு தபா படிங்க." படித்தார். மாத்திரையை ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது என்கிற வரி. தமிழில் அந்த வரியே இல்லை. அவள் அதை விட்டுவிட்டிருந்தாள்.

இருபத்திரண்டு இடத்தில் சிவப்படித்த பரசுராமனின் கண்ணிலும் அது பட்டிருக்கவில்லை. தினமுமா நாள்தோறுமா என்று தேடுகிற அவசரத்தில் அந்த மனுஷன் காணாமல் போன வரியைத் தாண்டிப் போயிருந்தார்.

எவாஞ்சலினின் அம்மா ஜெயகுமாரி சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள். போன வருடம் ஒரு வேளை மறந்து, அடுத்த வேளை இரண்டாகப் போட்டுக்கொண்டு, சபை வாசலிலேயே மயங்கி விழுந்தாள். அந்த வரியைத்தான் இவள் விட்டிருக்கிறாள்.

பரசுராமன் கீபோர்டை இழுத்து அந்த வரியைத் தமிழில் அடித்தார். "சேத்துட்டேன். ஆச்சு. அனுப்பிடலாம்."

"மார்க் போடுங்கண்ணா. பெரிய தப்புன்னு ஒரு கட்டம் இருக்குதே, அதுல."

"அதுக்குப் பத்து மார்க்கும்மா! எண்பத்தெட்டு ஆயிடும். நீ அவுட்டு. வரிதான் சேத்தாச்சே, யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

"ஒண்ணும் ஆவாதுதான். ஒண்ணுமில்லாத எழுத்துக்கெல்லாம் உங்க மார்க்க வெட்னேனே, இத்த மறைச்சிட்டு நாளைக்கு எந்த மூஞ்ச வெச்சிகினு அடுத்தவங்க ஃபைல தொடுவேன்?"

"என்னால ஆவாது. நான் போட மாட்டேன்," என்று கையைக் கட்டிக்கொண்டார்.

மணி ஐந்தே முக்கால். எவாஞ்சலின் எழுந்து வந்து, அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அந்தக் கட்டத்தில் தானே டிக் அடித்தாள். அனுப்பு என்பதையும் தானே அழுத்தினாள். அழுத்திய பிறகுதான் ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று சொல்ல முடியாத ஆத்திரம். கம்பெனி மேல், இருபது கேட்ட மெயிலின் மேல், பரசுராமன் மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மேல். சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். பரசுராமன் டீ சொல்லக்கூடத் தைரியமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அவள் முகம் கழுவிவிட்டு நவீன்குமாரிடம் பேசப் போனை எடுத்தபோது, அவரே பரசுராமனைக் கூப்பிட்டுவிட்டார். பரசுராமன் ஸ்பீக்கரில் போட்டார்.

"வாழ்த்துகள் சார், நீங்க செலக்ட் ஆயிட்டீங்க. முதல் ஃபைல் இப்பவே அனுப்பறேன்."

"அனுப்பறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும் சார்," என்றார் பரசுராமன். "நானும் எவாஞ்சலினும் ஒரே ரூம்ல ஒக்காந்துதான் வேல செய்யறோம். இன்னிக்கி ரெண்டு பேரும் ஒருத்தர் ஃபைல ஒருத்தர் பாத்தோம். ஒங்க ரூலு எனக்கும் தெரியும். தனியா செஞ்சப்ப நான் அவங்க ஃபைல்ல இருபத்திரண்டு தப்பு போட்டேன், அதுல நாலுதான் உருப்படி. சேந்து படிச்சப்பதான் உசுர எடுக்கற தப்பு கண்ல பட்டுது. எடுத்தா ரெண்டு பேரையும் சேத்து எடுங்க. ஒருத்தர் எழுதுவோம், ஒருத்தர் பாப்போம். இல்லாங்காட்டி என்னியும் உட்ருங்க."

எவாஞ்சலின் பதறிப்போய்க் கையை ஆட்டினாள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"அவங்க கடைசி ஃபைல் எண்பத்தெட்டு சார். எப்படி சார் எடுக்கறது?"

"அந்த எண்பத்தெட்ட அவங்களே போட்டுகினாங்க சார். நான் மாட்டேன்னேன். அவங்க கையாலயே டிக் அடிச்சாங்க. ஒங்ககிட்ட இருக்கற மத்த ஆளுங்கள்ல ஒருத்தராச்சும் தன் தப்ப தானே காட்டிக் குடுத்தாங்களா, சொல்லுங்க."

கீழே ஒரு பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"நான் மேல கேட்டுத்தான் சொல்ல முடியும் சார்," என்றார் நவீன்குமார் கடைசியில். "ரெண்டு பேருக்கும் சேர்த்து என்ன ரேட்டுனு எழுதி இப்பவே ஒரு மெயில் போடுங்க. காலையில பேசறேன்."

போனை வைத்ததும் எவாஞ்சலின் பாய்ந்தாள். "யாரு ஒங்கள அப்டி பேசச் சொன்னது? கெடச்ச வேலையும் பூடும் இப்ப! அம்முவுக்கு காலேஜு ஃபீஸ் கட்ட வேணாமா?"

"பூட்டா பூட்டும். மெயில எழுதலாமா, வேணாமா?"

அவள் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கோபம் இன்னும் தணியவில்லை. "எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு. இனிமே என் ஃபைல்ல தப்பு இல்லன்னா, இல்லன்னு எழுதணும். இருபது வேணும்னு எவன் கேட்டாலும்."

"ஆங்," என்றார் பரசுராமன். "இருந்தா?"

"இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."